பவுல்டரிங் பழக எந்தப் புத்தகம்? நான் வாங்கியவை, வைத்துக்கொண்டது

போன தை மாசம் சங்ககிரிப் பக்கம் ஒரு கரட்டில் ஏறிப் பழக ஆரம்பித்தேன். பவுல்டரிங் என்றால் கயிறு கிடையாது. ரெண்டு ஆள் உயரக் குண்டுக்கல், கீழே ஒரு மெத்தை, பக்கத்தில் மச்சான். சொல்லித்தர ஆள் இல்லாததால் புத்தகம் தேடினேன்.

பலம் கூட்டும் பயிற்சிகள் சொல்லும் எரிக் ஹோர்ஸ்டின் ‘டிரெய்னிங் ஃபார் கிளைம்பிங்’ முதல் வருசக்காரருக்கு வேண்டாம். தசைக்குச் சில வாரத்தில் பலம் வந்துவிடும். விரலின் தசைநாண் தேற மாசக்கணக்காகும். பாதி படித்துவிட்டு கதவு நிலையின் மேல்சட்டத்தில் விரலால் தொங்கியதில் என் மோதிர விரல் வீங்கியதுதான் மிச்சம். தப்பு புத்தகத்தின் மேல் இல்லை.

மிஞ்சியவை இரண்டு. டான் ஹேக், டக்ளஸ் ஹன்டர் சேர்ந்து 2006-ல் எழுதிய ‘தி செல்ஃப் கோச்டு கிளைம்பர்’ ஒன்று. உடம்பின் பாரம் எங்கே விழுகிறது, இடுப்பைத் திருப்பினால் கை எப்படி எட்டும் என்று பிரித்துப் பிரித்துக் காட்டுகிறது. நம்மூர்ச் சரிவுப் பாறையில் காலை நம்பி நிற்க அதுதான் எனக்கு உதவியது. கூடவே ஒரு டிவிடி தந்தார்கள். போட்டுப் பார்க்க இன்று யார் வீட்டில் வசதி இருக்கிறது?

ஆனாலும் பையில் போவது ஜான் ஷெர்மனின் ‘பெட்டர் பவுல்டரிங்’. ஏற எவ்வளவு கடினம் என்று காட்ட வி0, வி1 எனப் பாறைக்குத் தரம் சொல்கிறார்களே, அந்த ‘வி’ இவருடைய ‘வெர்ம்’ என்ற பட்டப்பெயரிலிருந்து வந்தது. அதற்காக நான் வாங்கவில்லை. விழுவதைப் பாடமாகச் சொல்லித்தருகிறார், அதற்காகத்தான்.

பவுல்டரிங்கில் ஒவ்வொரு விழுகையும் தரையில்தான் முடியும். ஏறிப் பழகச் சுவர் வைத்திருக்கிற ஜிம்மில் தரை முழுக்க மெத்தை. கரட்டில் ஒன்றே ஒன்று, அதைச் சுற்றிக் கல்லும் வேலிக்காத்தான் முள்ளும். முழங்காலை மடக்கி இறங்கி முதுகுப்பக்கம் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். கீழே நிற்பவர் ஏந்திப் பிடிக்கக் கூடாது. விழுகிறவரின் இடுப்பைத் தள்ளி மெத்தைக்குத் திருப்பி, தலை கல்லில் படாமல் காக்க வேண்டும், கட்டைவிரலை விரித்து நீட்டாமல். ஏறும் முன்னே இறங்கும் வழி பார்க்க வேண்டும். இதையெல்லாம் மச்சானுக்கு ரெண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “பிடிக்கறதுக்கு நிக்கறேன்னு நெனச்சேனுங் மாமா” என்றார். அதுவரை அவர் கையை விரித்தபடி நின்றதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

முன்னால் சாய்ந்து தொங்கும் பாறையில் நான் ஏறியது குறைவு. அதற்கு எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஜிம்மில் மட்டும் ஏறுகிறவர் ஹேக்–ஹன்டரையே வாங்கலாம்.

மலைத்தேனீயைப் பற்றி நம்ம கரட்டுக்கு ஏற்ற மாதிரி எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆடு மேய்க்கிற பெரியவர்தான் சொன்னார்: “அந்தச் சந்துல தேன் கட்டியிருக்குது கண்ணு, அக்கட்டால போயிராதீங்க.”