காப்பகப் பாயா, வாரிய வீடா, வாடகை அறையா?

வேலூர் மண்டித் தெருவில் விடிகாலை மூணு மணிக்கு மூட்டை இறக்க வருகிறவர்களில் சிலர் எங்கிருந்தும் வருவதில்லை. மூடிய கடைப் படிக்கட்டிலிருந்தே எழுந்து வருகிறார்கள். வீடில்லாத இவர்களுக்கு எது சரி: வீடற்றோர் காப்பகமா, அரசு வாரிய வீடா, வாடகை அறையா? "காப்பகத்துல படுக்கலாமே தாத்தா" என்று ஒருவரிடம் கேட்டேன். சாக்கை உதறி மடித்தபடியே, "படுக்கலாம்பா. இந்த வண்டிய எங்க உடறது?" என்றார். மூணு சக்கர வண்டி, அதுவும் வாடகைக்கு எடுத்தது. காணாமல் போனால் அவர் தலையில்தான் விடியும்.

காப்பகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையில் நனைகிறவரிடம் இன்று ராத்திரிக்கே பாய் போட்டுத் தருவது அது ஒன்றுதான். லட்சம் பேருக்கு நூறு பேர் தங்குகிற அளவில் இடம், ஆளுக்கு 50 சதுர அடி, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் விதித்தது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும் நம்ம ஊருக்கு ராத்திரியைவிடப் பகல்தான் முக்கியம். ஆனால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் என்று எத்தனை மாதம் படுப்பது?

வாரிய வீட்டில் சொந்த அடுப்பு, சொந்தப் பூட்டு. மறுப்பில்லை. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் பெயர் மாறியது. பழைய பெயரிலேயே சிக்கல் தெரிகிறது: மாற்றுவதற்குக் குடிசையாவது இருக்க வேண்டுமே! படிக்கட்டில் படுப்பவர் எந்த விலாசத்தை எழுதுவார்? பயனாளி பங்குத் தொகைக்கு எங்கே போவார்? அப்படியே கிடைத்தாலும், ஊருக்கு வெளியே என்றால் மூணு மணி லாரிக்கு எந்த டவுன் பஸ் பிடிப்பது?

என் ஓட்டு வாடகை அறைக்கு. முதல் சில நாள் காப்பகம், அப்புறம் அட்வான்ஸும் ஆறேழு மாத வாடகையும் அரசுப் பணத்தில். வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு விலாசம் கிடைக்கும். ரேஷன் கார்டும் வாரிய விண்ணப்பமும் அதிலிருந்து நகரும். பின்லாந்து 2008-இலிருந்து ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது: முதலில் சாவி, மற்றதெல்லாம் பிறகு.

இங்கே தடை வேறு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கை நிறைய வரும்போது, மாத வாடகைக்கு யார் விடுவார்? விட நினைப்பவரும் முதலில் கேட்பது பணத்தை அல்ல, "இந்தாளுக்கு யார் பொறுப்பு?" என்பதைத்தான். அந்தக் கையெழுத்தை மாநகராட்சி போடட்டும். வண்டி நிறுத்த ஒரு சந்தும் பார்த்துக் கொடுக்கட்டும்.