சென்ட் கவுண்டரில் நின்றவள் பார்த்த ‘பர்ஃப்யூமரி’

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில், வடசேரிப் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் ‘பர்ஃப்யூமரி’ நாடகத்தைத் தமிழில் போட்டார்கள். டிக்கெட் 150 ரூபாய். நடித்தது எல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகள். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் சென்ட், பவுடர் கவுண்டரில் 11 வருடம் நின்றவள் நான். வாசனைக் கடையில் நடக்கிற கதை என்றதும் மழையைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

எழுதியவர் ஹங்கேரிக்காரர், மிக்லோஷ் லாஸ்லோ. 1937-ல் புடாபெஸ்டில் மேடையேறிய நாடகம். அடுத்த வருடமே அவர் அமெரிக்கா போய்விட்டார். 1940-ல் ஹாலிவுட் இதைப் படமாக்கியது. 1963-ல் பிராட்வேயில் பாட்டு நாடகமானது. 1998-ல் கடிதத்தை ஈமெயிலாக மாற்றி இன்னொரு படம் வந்தது. இதிலிருந்து பிறந்த பிள்ளைகள் பேர் வாங்கின, தாயான இந்த நாடகத்தை யாரும் விசாரிக்கவில்லை. லாஸ்லோ 1973-ல் இறந்தார். 2009-ல் டொராண்டோவிலும் 2013-ல் பெவர்லி ஹில்ஸிலும் அந்தத் தாய் நாடகம் மறுபடி மேடையேறியது. இப்போது கலைவாணர் பிறந்த ஊருக்கும் வந்திருக்கிறது.

கதை நடப்பது கிறிஸ்துமஸ் சீசனில். ஒரே கடையில் எந்நேரமும் முட்டிக்கொள்ளும் இரண்டு பேர், ஆள் தெரியாமல் ஒருவருக்கொருவர் காதல் கடிதம் எழுதுகிறார்கள். படங்கள் இந்தக் காதலைத்தான் பிடித்துக்கொண்டன. மேடையில் எனக்குக் கடைதான் பெரிதாகத் தெரிந்தது. மனைவி மேல் சந்தேகப்பட்ட முதலாளி, நல்ல ஊழியன் ஒருவனைத் தப்பாக நினைத்து வேலையை விட்டு அனுப்புகிறார். ஒரு சீசனில் எங்கள் கடையில் இரண்டு பாட்டில் காணாமல் போய், எல்லார் முன்னாலும் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பாட்டில் குடோனில் இருந்தது. அப்புறம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடையில் அந்த முதலாளி தன் தப்பை ஒத்துக்கொண்டபோது அழுதுவிட்டேன்.

இயக்கியவர் நிஜமாகவே கடைகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். முதல் பாதி முழுக்க ஊழியர் ஒருவரும் உட்காரவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் ஒரு காலைத் தூக்கி, கவுண்டரில் இடுப்பைச் சாய்த்து நிற்கிறார்கள். அது அப்படியே எங்கள் நிற்புதான். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தானே.

குறை என்றால், பேச்சு. எல்லாரும் டிவி சீரியல் தமிழ் பேசுகிறார்கள். கடைப்பையன் மட்டும், “எக்கா, இந்தப் பெட்டிய எங்க வைக்கணும்?” என்றான், மண்டபமே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. மற்றவர்களையும் அப்படியே பேச விட்டிருக்கலாம். மைக் இரண்டு தடவை நின்றது. இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுவை.

வருகிற ஞாயிறும் மாலை 6 மணிக்கு உண்டு. முடிய எட்டரை ஆகும், மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள் பஸ் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். என்னோடு கவுண்டரில் நின்ற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நான் மறுபடி போகிறேன். ஞாயிறு மாலை லீவு கிடைப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம், கேட்டிருக்கிறார்கள்.