மடிப்பாக்கத்தில் கழிவுநீர் லாரிக்குக் காத்திருந்த நான்கு நாள்

விமானம், வங்கி வேலை, ஆதார் திருத்தம் எல்லாம் ஒழுங்காக நடந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன். சிட்னியிலிருந்து சென்னைக்கு வந்த மூன்று வார விடுப்பில் நான்கு நாள் கழிவுநீர் லாரிக்காகவே போனது. அதை எழுதாமல் மனசு ஆறாது.

அம்மா இருப்பது மடிப்பாக்கத்தில், மேடவாக்கம் மெயின் ரோட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அப்பா ஒரு கிரவுண்டில் கட்டிய வீடு. எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை செப்டிக் டேங்க் நிறையும், காலையில் சொன்னால் மதியத்துக்குள் லாரி வந்து நிற்கும், அம்மா ஓட்டுநருக்கு மோர் கொடுப்பார். இந்த முறை மழை விட்ட மறுநாளே குளியலறையில் தண்ணீர் எதிர்த்து ஏறியது. போன் செய்தேன். "நாளைக்குப் பார்க்கலாம் தம்பி" என்றார்கள். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் அந்த லாரி எங்கள் தெருவுக்குள் வந்தது, ஆனால் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து அடுக்குமாடி முன் நின்றது. ஓடிப் போய்க் கேட்டேன். ஓட்டுநர் பொறுமையாகவே சொன்னார்: "இங்க வாரத்துக்கு ரெண்டு லோடு. மெயின் ரோட்டுல மெட்ரோ தடுப்பு தாண்டி உள்ள வரவே ஒரு மணி நேரம் ஆவுது. நீங்க வருசத்துக்கு ஒரு லோடு, நான் என்ன பண்ண?"

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. 75 வயது அம்மா நான்கு நாளாக எதிர்வீட்டு மாமி வீட்டில் குளித்தார், அதுதான் தாங்கவில்லை.

அந்த அடுக்குமாடி இருக்கும் இடத்தில் முன்பு மாமரத்தோடு ஒரு ஓட்டு வீடு இருந்தது. 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5லிருந்து 2 ஆனது. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடியில், 3600 சதுர அடி கட்டிய இடத்தில் இப்போது 4800 கட்டலாம். 30 அடி ரோடு என்றால் பணம் கட்டி இன்னும் 30 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். மாதவரம் முதல் சோழிங்கநல்லூர் வரையிலான மெட்ரோ மேடவாக்கம் மெயின் ரோட்டில்தான் வருகிறது என்றானதும் ஒவ்வொரு பழைய வீட்டு வாசலிலும் பில்டர் நிற்கிறார், எங்கள் வாசலிலும்தான்.

வீடுகள் கூடுவதை நான் எதிர்க்கவில்லை. நான் இருக்கும் சிட்னி ஹோம்புஷிலும் இதேதான். பக்கத்து நார்த் ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு மெட்ரோ வரப்போகிறது, 2024 நவம்பரில் எங்கள் பகுதியையே உயரமான அடுக்குமாடிகளுக்கு வகை மாற்றிவிட்டார்கள். பழைய தோட்ட வீடுகள் போகிறதே என்று அங்கும் வருத்தப்படுகிறார்கள், கூட்டம் போட்டுச் சண்டையும் போட்டார்கள். ஆனால் அங்கே புதுக் கட்டடம் எழுப்புகிறவர் தண்ணீர், கழிவுநீர் இணைப்புக்கு ஏற்பாடு செய்து, குடிநீர் நிறுவனத்தின் சான்றிதழை வாங்கியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் குடி வர முடியும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கட்டும் என்பது நல்ல யோசனை, சென்னைக்கு அது இன்னும் அவசியம். மடிப்பாக்கம் 2011லேயே மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. மாடிகள் எழும்புவதற்கு முன் கழிவுநீர்க் குழாய் வந்திருக்க வேண்டாமா? இது சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், மழைக்காலத்தில் டேங்க் எப்படித் தாங்கும்?

நான்காம் நாள் இரவு பத்தரைக்கு லாரி வந்தது. அதே ஓட்டுநர்தான், அன்றைக்கு ஒன்பதாவது நடையாம். குழாயைப் போட நான் கேட் ஓரம் டார்ச் பிடித்தேன், முன்பு லாரி வரும்போது அப்பா நிற்கும் அதே இடம். அம்மா அந்த நேரத்திலும் அவருக்கு மோர் கரைத்துக் கொண்டுவந்தார்.

மறுநாள் பில்டர் மறுபடி வந்தார். கீழே தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தளம் (ஸ்டில்ட்), அதற்கு மேல் ஆறு வீடு, பாதி உங்களுக்கு என்றார். கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டேன். "லாரிதான் சார், எல்லாரும் அப்படித்தானே" என்றார். தெருவுக்கு இணைப்பு வந்த பிறகு பேசலாம் என்று அம்மாவே சொல்லி அனுப்பிவிட்டார். கிளம்பும் முன் தெருக்காரர்கள் பதினேழு பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தேன், ரசீது அம்மாவின் பீரோவில் இருக்கிறது.