ஜெபமும் மருந்தும்: இரண்டு சபைகள், இரண்டு வழிகள்

நோயாளிக்காக சபையின் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்கிறது விவிலியத்தின் யாக்கோபு நிருபம் (5:14). கத்தோலிக்கத் திருச்சபையும் கிறிஸ்டியன் சயின்ஸ் சபையும் ஜெபத்தால் குணம் கிடைக்கும் என்றே நம்புகின்றன. ஆனால் மருத்துவர் என்று வரும்போது இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன.

கத்தோலிக்கர்களுக்கு, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் ஓர் அருட்சாதனம், அதாவது இறையருள் தரும் திருச்சடங்கு. அது சிகிச்சைக்கு மாற்று அல்ல. மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் அவர்களுடைய விவிலியத்திலேயே இருக்கிறது. நோயாளிகள் குணம் தேடி யாத்திரை போகும் பிரான்சின் லூர்து நகரில் 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் குணமடைந்தவர்களைப் பரிசோதித்து வருகிறது. நோய் கடுமையானதா, குணம் சட்டென்று வந்து நிலைத்ததா, சிகிச்சையால் நேர்ந்திருக்குமா என்று துருவிக் கேட்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் குணமானதாகச் சொல்லியும், புதுமை (அற்புதம்) என்று திருச்சபை ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். இந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது.

மேரி பேக்கர் எடி 1879-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்டியன் சயின்ஸில், நோய் என்பதே மனத்தின் தவறான எண்ணம். மருந்துக்குப் பதில் ஜெப சிகிச்சையாளரை நாடுவார்கள். எலும்பு முறிந்தால் மருத்துவரிடம் போகலாம்; மருந்துக்கும் வெளிப்படையான தடை இல்லை.

பெரியவர் தனக்காக எடுக்கும் முடிவை நான் மதிக்கிறேன். குழந்தை விஷயத்தில் முடியாது. ஜெபத்தை மட்டும் நம்பிய வேறு சில சபைகளில் குழந்தைகள் இறந்ததால்தான், அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2011-இல் அத்தகைய பெற்றோருக்கு இருந்த சட்ட விலக்கை நீக்கியது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஜெபியுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.