ஏழு வருடமாக நான் துவைக்கும் ஏர் ஃபில்டர்

கார் எஞ்சினுக்குள் போகும் காற்றைத் தூசி நீக்கி அனுப்பும் ஏர் ஃபில்டரில், துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் பஞ்சு வகைக்கு இணையக் கடையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், வாங்கட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட நாள் சரியில்லை. அன்று காலையில்தான் அந்த ஃபில்டரின் புண்ணியத்தில் மெக்கானிக்கிடம் எழுநூறு ரூபாய் அழுதுவிட்டு வந்திருந்தேன். ‘வாங்காதே’ என்று பதில் போட்டேன். ‘நீயே ஏழு வருடமாக வைத்திருக்கிறாயே’ என்றார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல். இருப்பது அரியலூர்ப் பக்கம். இங்கே சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போவதுதான் அன்றாட வாழ்க்கை. சாலையோரத்துக் கருவேல மரம்கூட மழை பெய்தால்தான் பச்சை நிறத்தைக் காட்டும். காகித ஃபில்டரைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் மடிப்புகளுக்குள் சாம்பல் மாவு அடைந்து கிடக்கும். சலித்துப்போய் 2018இல் 5,200 ரூபாய் கொடுத்து இந்தப் பஞ்சு ஃபில்டரை வாங்கினேன். காகிதம் தன் நுண்துளையில் தூசியைத் தடுக்கிறது. இதில் கம்பி வலைக்கு நடுவே பஞ்சு நூல் துணி பல அடுக்காக மடிந்திருக்கும். தூசியைப் பிடிப்பது அந்த நூலும் அதன் மேல் இருக்கும் பிசுபிசுப்பான எண்ணெயும் சேர்ந்துதான். எண்ணெய் இல்லாவிட்டால் அது ஏறக்குறைய வெறும் சல்லடை. ஆகவே கழுவினால் மட்டும் போதாது, கழுவிக் காயவைத்து மறுபடி எண்ணெய் வைக்க வேண்டும்.

மைலேஜ் கூடும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: கூடாது. எனக்கு முன்னும் பின்னும் லிட்டருக்கு அதே பத்தொன்பது, இருபதுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்தபோது, இக்கால பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டர்கூட எரிபொருள் செலவை அவ்வளவாகப் பாதிக்கவில்லை, வேகமெடுப்பதைத்தான் பாதித்தது என்று கண்டார்கள். எனக்குக் கிடைத்த ஒரே மாற்றம், முடுக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் கனத்தது. அது பிடித்திருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

பிடித்த இன்னொன்று கழுவுவது. சோப்புக் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, காய்வதற்கு முன்பே, குழாயை மெதுவாகத் திறந்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கித் தண்ணீர் விட வேண்டும். தலைகீழாக விட்டால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். எண்ணெயில் சிவப்புச் சாயம் கலந்திருப்பதால், முதலில் வருகிற தண்ணீர் வெற்றிலை போட்டுத் துப்பிய நிறத்தில் இருக்கும். பிறகு சாம்பல், பிறகு கழுநீர் மாதிரி, கடைசியில் தெளிவு. ஒவ்வொரு மடிப்பாக விரலை ஓட்டாமல் தண்ணீரை மட்டும் ஓட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஒரு வருடத்து அரியலூர்ச் சாலை முழுதும் என் துவைகல்லிலிருந்து சாக்கடைக்கு இறங்கிப் போயிருக்கும். அந்தச் சுகம் காகித ஃபில்டரைக் குப்பையில் போடுவதில் கிடையாது. கல்லில் மட்டும் சிவப்புக் கறை நின்றுவிட்டது. ‘கோழி அறுத்தீர்களா சார்?’ என்று வேலைக்கு வரும் அம்மா ஒருமுறை கேட்டார்.

எரிச்சல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. காய வேண்டும். தானாகவே காய வேண்டும். சூடு காட்டினால் பஞ்சு சுருங்கும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் நூல் விலகி ஓட்டை விழும். சர்வீஸில் ஒரு பையன் பழக்கதோஷத்தில் காற்றுக் குழாயோடு வந்தபோது, கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன். சித்திரையில் நிழலில் வைத்தால் ஒரு பகலில் காய்ந்துவிடும். கார்த்திகையில்? மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். தட்டினால் மடிப்பின் அடியிலிருந்து நாலு சொட்டு விழும். துடைத்து நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தட்டினால் மறுபடி நாலு சொட்டு. எங்கிருந்து வருகிறதோ!

அப்படி ஒரு கார்த்திகை சனிக்கிழமை கழுவித் தொலைத்தேன். திங்கட்கிழமை விடியற்காலை கும்பகோணத்தில் மைத்துனர் மகள் கல்யாணம். ஞாயிறு இரவு பத்து மணிக்கும் ஃபில்டர் ஈரம். பஞ்சு ஃபில்டர் வாங்கிய ஜோரில் பழைய காகித ஃபில்டரை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். தலைமுடி உலர்த்தும் கருவியைக் கையில் எடுத்து, சூட்டை நினைத்துத் திரும்ப வைத்தேன். ‘உங்கள் பஞ்சு காயட்டும், நாம் பஸ்ஸில் நனைந்துகொண்டு போகலாம்’ என்றாள் மனைவி. பட்டுப்புடவையோடு, மழையில், மூன்று மணிக்கு எழுந்து போனோம். ஃபில்டர் பேச்சு வந்தாலே இன்றுவரை அந்தப் புடவையும் கூடவே வரும்.

அதன்பிறகு 350 ரூபாய்க்கு ஒரு காகித ஃபில்டர் வாங்கி வைத்துக்கொண்டேன், இது காயும் நாட்களில் போட்டு ஓட்ட. காகித ஃபில்டரே வேண்டாம் என்று வாங்கிய பொருளை நிம்மதியாகப் பயன்படுத்த ஒரு காகித ஃபில்டர் தேவைப்படுகிறது. அட்டைப்பெட்டியில் இதை ஏன் அச்சடிப்பதில்லை?

கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் 5,200. கழுவும் திரவமும் எண்ணெயும் அடங்கிய செட் இரண்டுமுறை, தலா 1,600. ஆக 8,400 ரூபாய். அதில் இருபத்து நாலு காகித ஃபில்டர் வரும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றினாலும் நாலு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். ஏழு வருடத்தில் நான் ஓட்டியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

அதற்குள் எட்டுமுறை கழுவியிருக்கிறேன் என்பது என் குற்றம். கம்பி வலையே தெரியாத அளவுக்கு அழுக்கு மூடினால் கழுவினால் போதும். கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதிதைவிட நன்றாகவே வடிகட்டும். எனக்குத்தான் அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்க்காமல் கை நமநமவென்கிறது.

இப்போது எழுநூறு ரூபாய்க்கு வருகிறேன். எண்ணெயை மடிப்பு ஒவ்வொன்றின் முகட்டிலும் ஒரே ஒரு கோடாக விட்டு, இருபது நிமிடம் பொறுத்தால், சிவப்பு தானாகப் பரவும். எங்காவது வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே மட்டும் தொட்டு வைக்க வேண்டும். நான் பொறுக்கவில்லை. தீபாவளிக்குத் தலையில் வைக்கிற மாதிரி தாராளமாக வைத்து, உடனே மாட்டிவிட்டேன். நாலு நாளில் வண்டி சோம்பியது. ஏசி போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறினால், மூன்றாம் கியரிலும் மாடு படுத்துவிடுகிறது. மிஞ்சிய எண்ணெய் காற்றோடு போய், ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் காற்றளவு சென்சாரில் படிந்துவிட்டது. காற்று குறைவு என்று அது பொய்க்கணக்குச் சொல்ல, அதை நம்பி வண்டியின் கணினி டீசலைக் குறைத்திருக்கிறது. மெக்கானிக் சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே இருக்கும் ஸ்பிரேயை அடித்து மாட்டினார். வண்டி பழையபடி பாய்ந்தது. கையிலிருந்த காகித ஃபில்டரையும் போட்டார். ‘சார், இதுவே இருக்கட்டுமே’ என்றார், கெஞ்சுகிற குரலில்.

மூன்று வாரமாக அதுதான் ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை. அதுவும் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

ஃபில்டர்மேல் பழி போட முடியாது. ஏழு வருடத்தில் ஒரு நூல் பிரியவில்லை, ரப்பர் விளிம்பு கட்டிதட்டவில்லை. உழைப்பில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். தள்ளுபடியோ இல்லையோ, வேண்டாம். 350 ரூபாய்க் காகிதத்தைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தூங்குங்கள்.

என்னுடையது மறுபடி கழுவி, பரணில் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கியிருக்கிறேன். இந்த முறை எண்ணெயை அதில் ஏற்றி, மடிப்புக்கு இத்தனை சொட்டு என்று எண்ணி வைக்கப்போகிறேன். மெக்கானிக்கிடம் சொல்லிவிடாதீர்கள்.