துள்ளும் ஹைட்ரஜன், சோம்பும் அம்மோனியா: டர்பைனுக்கு எது தோது?

கேஸ் டர்பைனில் இயற்கை எரிவாயுவுக்கு மாற்று என்றதும் முதலில் அடிபடும் பெயர்கள் ஹைட்ரஜனும் அம்மோனியாவும்தான். இரண்டிலும் கார்பன் அணு கிடையாது. ஒற்றுமை அத்தோடு சரி. எரியும் குணத்தில் இரண்டும் எதிரும் புதிரும்.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனின் சுடர் காற்றில் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் பரவும். ஹைட்ரஜன் சுடர் 3 மீட்டரை நெருங்கும். அம்மோனியாவுக்கு வெறும் 7 சென்டிமீட்டர். வடிவமைப்பாளரின் தலைவலியில் பாதி இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடும்.

இன்றைய டர்பைன்களில் எரிபொருளை நிறையக் காற்றோடு முன்கூட்டியே கலந்துவிட்டுத்தான் எரிக்கிறார்கள். சுடர் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மளமளவென்று கூடும் என்பதே காரணம். இதே அமைப்பில் ஹைட்ரஜனை விட்டால் சுடர் வந்த வழியே திரும்பி ஓடி, கலக்கும் குழாயையே கருக்கிவிடும். அதனால் ஒரு பெரிய சுடருக்குப் பதில் நூற்றுக்கணக்கான பொடிச் சுடர்களாகப் பிரிக்கிறார்கள். ஜப்பானின் கோபே நகரில் கவாசாகியின் 1 மெகாவாட் டர்பைன் இந்த முறையில், சுடரைத் தணிக்கத் தண்ணீர் தெளிக்காமலே, 2020இல் முழு ஹைட்ரஜனில் ஓடியது.

இங்கே ஒரு அளவீட்டுச் சிக்கலும் உண்டு. புகையிலுள்ள நீராவியை நீக்கிவிட்டு, 15 விழுக்காடு ஆக்சிஜனுக்குச் சரிசெய்துதான் நைட்ரஜன் ஆக்சைடின் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கைச் சொல்வார்கள். ஹைட்ரஜன் புகையில் நீராவி அதிகம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் செறிவாகத் தெரியும். ஆக்சைடின் எடை ஒன்றாகவே இருந்தாலும் பிபிஎம் எண் கிட்டத்தட்ட 40 விழுக்காடு வரை கூடிக் காட்டும். ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு எத்தனை கிராம் என்று கேட்பதுதான் நியாயம்.

அம்மோனியாவின் கதை வேறு. நைட்ரஜன் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருப்பதால் வெப்பத்தைக் குறைத்து மட்டும் தப்பிக்க முடியாது. முதலில் காற்றைக் குறைத்து எரித்து, மிச்சத்தைப் பிறகு காற்று சேர்த்து எரிக்க வேண்டும். சுடர் சோம்பேறி என்பதால் எரியறையும் பெரிதாக வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தாலும் நைட்ரஸ் ஆக்சைடு நழுவிவிடும். அதில் 1 கிலோ, 100 ஆண்டுக் கணக்கில், 273 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். ஜப்பானின் ஐஎச்ஐ நிறுவனம் 2022இல் 2 மெகாவாட் டர்பைனைத் திரவ அம்மோனியாவில் மட்டுமே ஓட்டி, பசுங்குடில் வாயுக்களை 99 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துக் காட்டியது. முடியாததல்ல; ஆனால் பெரிய மின்நிலைய டர்பைன்கள் இதைப்போல் பல நூறு மடங்கு.

எரியறைக்கு வெளியே வந்தால் ஆட்டம் மாறிவிடுகிறது. ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும், அம்மோனியாவுக்கு மைனஸ் 33 போதும். உர வணிகத்துக்காகக் கப்பல்கள் அதைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்தும் வருகின்றன.

என்னைக் கேட்டால், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் மின்பகுப்பு ஆலை பக்கத்திலேயே இருந்தால் ஹைட்ரஜன்தான். கடல் கடந்து வர வேண்டுமென்றால் அம்மோனியாவாகக் கொண்டுவந்து, டர்பைனின் கழிவு வெப்பத்தில் கொஞ்சத்தையாவது ஹைட்ரஜனாக உடைத்து எரிப்பது மேல். நடுவழியாக எரிவாயுவோடு ஹைட்ரஜனைக் கலப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். கன அளவில் 30 விழுக்காடு கலந்தால் கார்பன் டைஆக்சைடு குறைவது 11 விழுக்காடுதான், ஏனென்றால் அதே கன அளவில் ஹைட்ரஜனின் ஆற்றல் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அப்புறம், எரிபொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எரிவாயுவிலிருந்து வழக்கமான முறையில் 1 கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது சுமார் 9 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறும். மெகாஜூலுக்கு 75 கிராம். எரிவாயுவை நேராக எரித்தால் 56 கிராம்தான்.