கைட்டோசானில் கிராஃப்டிங்: சீரியமா, பெர்சல்ஃபேட்டா?

கைட்டோசான் என்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் பாலிமர். அதன் சங்கிலியில் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற இன்னொரு பாலிமரின் கிளைகளை வளர்க்க வேண்டும் (இதுதான் கிராஃப்டிங்) என்று முடிவானதும், வினையைத் தொடங்கி வைக்க எதைப் போடுவது என்ற கேள்வி வந்தது. பொட்டாசியம் பெர்சல்ஃபேட், சீரிக் அமோனியம் நைட்ரேட் இரண்டில் நான் சீரியத்தை எடுத்தேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பெர்சல்ஃபேட் மலிவு, நீரில் கரையும், 60–70 டிகிரி செல்சியஸில் தானாக உடைந்து ரேடிக்கல் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு வினைக்குத் துடிக்கும் துண்டு) தரும். கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைப்பது, நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டுவது எல்லாம் இரண்டுக்கும் பொது.

வித்தியாசம், ரேடிக்கல் எங்கே பிறக்கிறது என்பதில் இருக்கிறது. பெர்சல்ஃபேட்டில் அது கரைசலில் பிறக்கிறது. கைட்டோசானிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து அங்கே கிளையைத் தொடங்கலாம். பக்கத்தில் இருக்கும் மோனோமரை (சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூறு, இங்கே மெத்தில் மெத்தாக்ரிலேட்) பிடித்துத் தனிச் சங்கிலியாகவும் வளரலாம். அதுதான் ஹோமோபாலிமர். போதாததற்குக் கைட்டோசான் சங்கிலியையும் அது துண்டாக்கும். மூலக்கூறு எடையைக் குறைப்பதற்கென்றே பெர்சல்ஃபேட் போடுபவர்கள் உண்டு. சீரியம் அயனியோ கைட்டோசான் சங்கிலியின் அலகான குளுக்கோசமின் வளையத்தின் 2, 3-ஆம் கார்பன்களில் உள்ள அமீன், ஹைட்ராக்சில் தொகுதிகளோடு முதலில் சேர்ந்துகொள்கிறது. பிறகு அந்தக் கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்து, ரேடிக்கல் கைட்டோசான் மேலேயே உருவாகிறது. மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் மெல்ல வெளுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நாலு மின்னேற்ற சீரியம் மூன்றாக இறங்குகிறது.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சுத்திகரிப்புக்காகத்தான். 1 கிராம் கைட்டோசானில் தொடங்கி, உலர்த்தியபின் 2.5 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூடிய எடையைக் கைட்டோசான் எடையால் வகுக்கும் கணக்குப்படி கிராஃப்டிங் 150 சதவீதம். அதையே சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவி) போட்டு, ஒட்டாத ஹோமோபாலிமர் கரைந்து போகும்படி அசிட்டோனால் கழுவி, எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி நிறுத்தபின் 1.6 கிராம்தான் மிஞ்சினால், உண்மையில் ஒட்டியது 60 சதவீதம்தான். அகச்சிவப்பு நிறமாலையில் 1730 செ.மீ⁻¹ அருகே பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டின் எஸ்டர் உச்சி தெரிகிறதே என்று நிம்மதியடைய முடியாது. வெறும் கலவையிலும் அது தெரியும். கைட்டோசானையும் தனியாகச் செய்த பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டையும் கலந்து, அதே மாதிரி கழுவிப் பாருங்கள். கைட்டோசான் மட்டும் திரும்பி வந்தால்தான் உங்கள் கழுவலை நம்பலாம். ஹோமோபாலிமர் குறைவாக உருவாகும் முறையில் இந்த வேலை எவ்வளவோ லேசாகிறது.

மோனோமர் அக்ரிலிக் அமிலம் என்றால் கதை இன்னும் கடினம். பாலிஅக்ரிலிக் அமிலம் எதிர்மின், கைட்டோசானின் அமீன் நேர்மின். பிணைப்பே இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சாதாரணக் கழுவலுக்கு அசையாது.

சீரியத்திலும் குறை உண்டு. விலை அதிகம். அளவு கூடினால் வளரும் சங்கிலிகளை அதுவே முடித்துவிடும், கிராஃப்டிங் சதவீதம் இறங்கும். அதனால் செறிவை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும். பொருளில் சீரியம் எச்சமும் தங்கலாம். காயக்கட்டு, மருந்து ஏந்தி போன்றவற்றுக்கு என்றால் அதை அளந்து பார்க்காமல் நகரக் கூடாது. அங்கே பெர்சல்ஃபேட் பக்கம் சாய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

காமா கதிர்வீச்சில் தொடக்கியே வேண்டாம், எச்சத் தொல்லையும் இல்லை. ஆனால் கைட்டோசான் சங்கிலி அறுபடும். அதில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு என்பதால் இந்த வரிசையில் சேர்த்து மதிப்பெண் போடவில்லை.